நாற்பதாவது சண்டை

நான் புத்தகம் எழுதுகிறவன் இல்லை. அடுத்தவர் எழுதியதை மின்னூலாக மாற்றிக் கொடுக்கிறவன். பதிப்பகத்திலிருந்து கோப்பு வரும். திறந்தால் எழுத்துகளின் கொம்பும் காலும் கழன்று கிடக்கும், பத்திகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும், அடிக்குறிப்புகள் எல்லாம் கடைசியில் போய்க் குவிந்திருக்கும். அவற்றைப் பிரித்து, ஒட்டி, போனில் படிக்கிற மாதிரி ஆக்கி அனுப்ப வேண்டும். பாளையங்கோட்டையில் என் வீட்டு மாடியில் இரண்டு அறைகள். ஒன்றில் நான் உட்கார்ந்து வேலை செய்கிறேன். மற்றதில் செத்துப்போன கணினிகளும் பழைய புத்தகக் கட்டுகளும் கிடக்கின்றன. பதினெட்டு வருடத்தில் எவ்வளவோ நல்ல புத்தகங்கள் என் கையால் போயிருக்கின்றன. ஒன்றையும் படித்தேன் என்று சொல்ல முடியாது. எழுத்தைப் பார்ப்பேன், சொல்லைப் பார்க்க மாட்டேன். சாயங்காலம் கீழே இறங்கும்போது யாராவது பேசினால்கூடக் கழுத்து வலிக்கிற மாதிரி இருக்கும்.

படிக்கிறவள் என் அக்கா. மாஞ்சோலை மலைத் தோட்டத்தில் முப்பத்து நான்கு வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவள். நான் பன்னிரண்டு வயதில் அம்பாசமுத்திரத்துக்கு விடுதியில் தங்கிப் படிக்க இறங்கினேன், அதோடு மலை எனக்கு விடுமுறைக்குப் போகிற இடமாகிவிட்டது. அக்கா அங்கேயே இருந்தாள், அங்கேயே கல்யாணம், பிள்ளை இல்லை, அத்தான் போய்ச் சேர்ந்து பத்து வருடம் ஆகிறது. கடலை மடித்து வந்த தாளைக்கூடப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் போடுவாள். பாதியில் கிழிந்த தாளாக இருந்தால், மீதி எங்கே என்று கடைக்காரரிடம் போய்க் கேட்டதாகவும் ஒரு கதை உண்டு.

மலையில் அவளுக்கு மின்னூல் படிக்க ஒரு போன் வாங்கிக் கொடுத்தேன். ஆனால் அங்கே மழை பெய்தால் சிக்னல் போகும், வெயில் அடித்தாலும் போகும். யோசித்துத்தான் ஒரு விக்கி மென்பொருளைப் பிடித்தேன். விக்கி என்றவுடன் ஊரே கூடி எழுதுகிற கலைக்களஞ்சியத்தை நினைக்க வேண்டாம். இது ஒற்றை ஆளுக்கான விக்கி. முழுவதும் ஒரே ஒரு கோப்பு, இணையம் தேவையில்லை. உள்ளே எத்தனை பக்கம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஒரு பக்கத்தில் உள்ள பெயரைத் தொட்டால் அந்தப் பெயருக்கான பக்கம் திறக்கும். நாமே எழுதலாம், நாமே அழிக்கலாம். ஒவ்வொரு தடவை சேமிக்கும்போதும் போன் பழையதைத் தொடாமல் புதிதாக ஒரு பிரதியை இறக்கி, பெயருக்குப் பின்னால் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு வைக்கும். பெரிய எண்தான் புதியது. இதை அக்காவுக்குப் புரியவைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாகப் போயிற்று.

அதில் இன்னொரு வசதி உண்டு. இன்னும் எழுதாத பக்கத்துக்கும் முன்கூட்டியே இணைப்பு கொடுத்து வைக்கலாம். அந்தத் தலைப்பு சாய்ந்த எழுத்தில் நிற்கும். பக்கத்தை எழுதிய பிறகு எழுத்து தானாக நிமிர்ந்துகொள்ளும்.

மாதம் ஒரு தடவை அக்கா பேருந்தில் இறங்கி வருவாள். உரிமைச் சிக்கல் இல்லாத பழைய நாவல்களை அத்தியாயம் அத்தியாயமாக வெட்டி விக்கிக்குள் போட்டுக் கொடுப்பேன். அடுத்த மாதம் திறந்து பார்த்தால் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் கீழே அவள் ஏதாவது எழுதியிருப்பாள். 'இவனுக்கு ரெண்டு அறை விட்டிருந்தா கதை மூணாவது அத்தியாயத்துலயே முடிஞ்சிருக்கும்.' 'இந்தப் பொம்பளை இவ்வளவு அழுதாளே, ஒரு நாளாவது பொங்கித் தின்னாளா?' என் வாழ்க்கையில் நான் ரசித்துப் படித்த எழுத்து அந்தக் குறிப்புகள் மட்டும்தான். அதை அவளிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

பிறகு தோட்டத்தை மூடிவிட்டார்கள், எல்லோரும் மலையை விட்டு இறங்க வேண்டி வந்தது. அக்கா போன் செய்தாள். என் வீட்டுக்கு வருகிறேன் என்று அவள் கேட்கவில்லை. "சாமான் எல்லாம் கட்டியாச்சு தம்பி. எங்கன போறதுன்னுதான் தெரியல" என்றாள். நான் உடனே, "மணிமுத்தாறுல வீடு பாத்துத் தாரேன்க்கா. இங்க வீடு சின்னது, பையனுக்குப் பரீட்சை வேற" என்றேன். "சரிப்பா" என்றாள். மணிமுத்தாற்றில் ஒற்றை அறையும் சமையல்கட்டுமாக ஒரு வீடு கிடைத்தது. நானே வேன் பிடித்துப் போய்ச் சாமான்களை இறக்கி வைத்து, துணி காயப்போடக் கொடி கட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டுக்குள் நுழையும்போது என் மனைவி கேட்டாள், "மதினியைக் கூட்டிட்டு வரலையா?" என்று. எனக்குக் கழுத்து வலிக்கிறது என்று பதில் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். அவள் கேட்டதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அந்த ஐப்பசியில் ஒரு நாள் மணிமுத்தாற்றுக்குப் போயிருந்தபோது அக்கா சொன்னாள். "படிச்சது போதும். நானும் ஒரு புஸ்தகம் எழுதுதேன்."

தோட்டத்தைப் பற்றியா என்று கேட்டேன்.

"தோட்டத்தைப் பத்தி எழுதுதவன் எல்லாம் பனி, பச்சை, அருவின்னு எழுதுதான். ரெண்டு நாள் வந்து போட்டோ பிடிச்சவன் எழுதட்டும் அதை. நான் சண்டையை எழுதப்போறேன். ஒட்டி ஒட்டி இருக்குத எங்க லைன் வீட்டுல யாருக்கும் யாருக்கும் என்ன சண்டைன்னு எனக்கு மட்டுந்தாம்லே முழுசாத் தெரியும்."

சண்டைக்கு விக்கியைப் போல் பொருத்தமான இடம் கிடையாது. ஒரு கோழியில் தொடங்கிய சண்டை குழாயடிக்குப் போகும், அங்கிருந்து ஏழு வருடம் கழித்து ஒரு கல்யாணப் பந்திக்குப் போகும். எதை முதல் அத்தியாயம் என்று வைப்பது? ஒவ்வொரு சண்டைக்கும் ஒரு பக்கம், ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பக்கம், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இணைப்பு. எங்கே தொட்டாலும் இன்னொரு சண்டைக்குப் போகலாம். எல்லாம் முடிந்ததும் நான் அதை மின்னூலாக்கித் தருவது என்று பேச்சு.

காலியாக ஒரு விக்கியைத் திறந்து, அவள் சொல்லச் சொல்லப் பொருளடக்கத்தை நான்தான் தட்டினேன். கோழிச் சண்டை. போர்வைச் சண்டை. கடைசி பஸ்ஸில் ஜன்னல் சீட்டுச் சண்டை. முப்பத்தொன்பது ஆயிற்று. நாற்பதாவதாக, "தம்பியும் நானும்னு போடு" என்றாள்.

சிரித்துவிட்டேன். "நாம எங்கக்கா சண்டை போட்டோம்?"

"நீ போடு. பொறவு எழுதுதேன்."

நாற்பது தலைப்புகளும் சாய்ந்த எழுத்தில் வரிசையாக நின்றன. என் போனுக்கும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டேன். "நான் எழுதுனா உனக்குத் தெரிஞ்சிருமா?" என்று கேட்டாள். கடைசிப் பேருந்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பிரதி என்றால் என்ன, இரண்டு போன் என்றால் என்ன என்று மறுபடி முதலிலிருந்து விளக்க என்னால் முடியவில்லை. "இதே புஸ்தகந்தான் எங்கிட்டயும் இருக்கு. நீ பாட்டுக்கு எழுது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசுவோம். "பாத்தியாலே?" என்பாள். "பாத்தேன்க்கா" என்பேன். பார்த்திருக்க மாட்டேன். வாரமெல்லாம் ஊரான் எழுத்தைப் பார்த்த கண்ணுக்கு இன்னொரு கோப்பைத் திறக்கத் தெம்பு இருக்காது. "என்ன நெனைக்க?" என்பாள். "நல்லா இருக்கு. பைய எழுது" என்பேன். ஒரே ஒரு தடவை மனது உறுத்தி என் போனில் இருந்ததைத் திறந்தேன். நாற்பதும் சாய்ந்தபடியே இருந்தன. ஒன்றும் எழுதாமல்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். வருத்தம் வரவில்லை. அப்பாடா, இந்த வேலை இப்போதைக்கு இல்லை என்று நிம்மதிதான் வந்தது. என் போனில் இருப்பது நான் எடுத்த பழைய பிரதி, அவள் எழுதியது அவள் போனில்தான் இருக்கும் என்பது, இதையே தொழிலாக வைத்திருக்கிற எனக்குத் தோன்றவே இல்லை.

பங்குனியில் அவளுக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். அக்காவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்கு வேகம் வந்தது. ஒரு மத்தியானம் உட்கார்ந்து என் பிரதியில் எழுத்தைப் பெரிதாக்கினேன், பின்னணியைக் கண் கூசாத நிறமாக மாற்றினேன். போனில் அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன்.

"புதுசு ஒண்ணு அனுப்பிருக்கேன்க்கா. இனி இதை வச்சுக்கோ. பழசு எல்லாத்தையும் அழிச்சிரு."

"எல்லாத்தையுமா?" என்றாள்.

"எல்லாத்தையும். அதெல்லாம் ஒண்ணுக்கும் ஆகாது. கெடந்தா குழப்பந்தான்."

"சரிப்பா."

அந்தச் 'சரிப்பா'வை நான் முன்பு ஒரு தடவை கேட்டிருக்கிறேன் என்பது அப்போது உறைக்கவில்லை. அடுத்த ஞாயிறு அக்கா கூப்பிடவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. நான் கூப்பிட்டால் அடுப்பில் வேலை என்று வைத்துவிட்டாள்.

வைகாசியில் அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாணம். அங்கிருந்து அப்படியே மணிமுத்தாற்றுக்குப் பேருந்து ஏறினேன். அக்கா கருப்பட்டிக் காப்பி போட்டாள். அத்தனை வருடம் தேயிலை பறித்தவள், காப்பிதான் குடிப்பாள். டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, பேச்சுக்குப் பேச்சாக, "இன்னும் எழுத ஆரம்பிக்கலையாக்கா?" என்று கேட்டேன்.

அக்கா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "ஆரம்பிக்கலையான்னா கேக்க?"

"எல்லாம் சாஞ்சுதான இருக்கு."

"என்ன சாஞ்சு இருக்கு? நாப்பதும் நிமிந்துதான இருந்துது. தைப்பூசத்துக்கு முன்னாடியே எழுதி முடிச்சிட்டேன். ஒரு கண்ணை மூடிக்கிட்டு ஒத்த வெரலால தட்டித் தட்டி. நீ அழிக்கச் சொன்னல்லா, அழிச்சிட்டேன். நீ அனுப்புன புதுசைத் தொறந்துகூடப் பாக்கல."

டம்ளரைக் கீழே வைத்தேன். இரண்டு போன், இரண்டு பிரதி, ஒன்றில் எழுதினால் மற்றதில் வராது என்று ஐப்பசியிலேயே சொல்லியிருக்க வேண்டியதை அப்போது சொன்னேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப நீ ஒண்ணையும் படிக்கல."

"இல்ல."

"பாத்தேன்னியே. ஒவ்வொரு வாரமும் பாத்தேன்னு சொன்னியே."

கீழே வைத்த டம்ளரை மறுபடி எடுத்தேன்.

"நாப்பதாவதை எழுதி வச்சிட்டு, இந்த வாரம் ஏதாவது சொல்லுவான், இந்த வாரம் ஏதாவது சொல்லுவான்னு இருந்தேன்" என்றாள் அக்கா. "நீ நல்லா இருக்குன்ன. பைய எழுதுன்ன. பொறவு ஒரு நா போன் போட்டு, எல்லாத்தையும் அழி, ஒண்ணுக்கும் ஆகாதுன்ன. சரி, தம்பி படிச்சிட்டான், இதுதான் அவன் பதில்னு எடுத்துக்கிட்டேன்."

வெட்கமாக இருந்தது. இந்த வயதில் ஒரு ஆள் அவ்வளவு வெட்கப்படக் கூடாது, ஆனால் பட்டேன். அவள் எழுதியதை அழித்தது ஒரு பங்கு. இரண்டு மாதமாக என்னைப் பற்றி அப்படி நினைத்துக்கொண்டே அவள் தனியாகப் பொங்கித் தின்றிருக்கிறாள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

அக்காவின் போனை வாங்கிக்கொண்டு திருநெல்வேலி ஜங்ஷனில் போன் ரிப்பேர் பார்க்கிற கடை கடையாக ஏறினேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அழித்து இரண்டு மாதம் ஆகிவிட்டது, அந்த இடத்தில் வேறு ஏதேதோ ஏறிவிட்டது என்றார்கள். மூன்றாவது கடைக்காரர் நல்ல மனிதர். "முக்கியமான கணக்கு வழக்கா அண்ணாச்சி?" என்று கேட்டார். "சண்டை" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

வேறு வழியில்லை. சனிக்கிழமைதோறும் மணிமுத்தாற்றுக்குப் போனேன். அவள் சொல்ல, நான் தட்டினேன். ஆனால் இரண்டாவது தடவை சொல்கிற சண்டைக்குச் சூடு இருக்காது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். கோழிச் சண்டை எட்டுப் பக்கம் இருந்ததாம், இப்போது ஒன்றரைப் பக்கத்தில் முடித்துவிட்டாள். "அவ்வளவுதானாக்கா? அந்தக் கல்யாணப் பந்தி?" என்று தூண்டினால், "அதையும் போட்டுக்கோ" என்பாள். "மொதல்ல எழுதையில நானே அழுதேன், நானே சிரிச்சேன். இப்ப வாய் மட்டுந்தான் பேசுது." ஒவ்வொரு தலைப்பாக நிமிர்ந்தது. கொழுந்துக் கூடையை இறக்கி வைக்கிற மாதிரி ஒவ்வொன்று முடிந்ததும் ஒரு பெருமூச்சு விட்டாள். ஆடி பிறப்பதற்குள் முப்பத்தொன்பதும் முடிந்தன.

நாற்பதாவதற்கு வந்தோம்.

"அதை எழுதியாச்சு. திரும்ப எழுத மாட்டேன்."

"என்னக்கா எழுதிருந்த?"

"உனக்குத் தெரியும்."

"தெரியாதுக்கா."

"தெரியாதுன்னா நீயே எழுது. சண்டைன்னா ரெண்டு ஆளு உண்டுல்லா. என் பங்கை நீ அழிச்சிட்ட. உன் பங்கை எழுது. இல்லன்னா அது இல்லாமப் புஸ்தகம் வேண்டாம்."

நாற்பதாவது பக்கத்தைத் தொட்டால் விக்கி, இப்படி ஒரு பக்கம் இல்லை, எழுதத் தொடுங்கள் என்று சொல்லும். எத்தனையோ நாள் தொட்டேன். வெள்ளைப் பக்கம் திறக்கும், பார்த்துக்கொண்டிருப்பேன், மூடிவிடுவேன். ஊரான் பத்திகளை நூற்றுக்கணக்கில் சரிசெய்தவனுக்குத் தன் பத்தி ஒன்று வரவில்லை. இதற்கிடையில் பதிப்பகங்களின் கோப்புகள் வந்துகொண்டே இருந்தன. காலும் கொம்பும் கழன்றுகொண்டே இருந்தன.

ஒருவழியாக எழுதினேன். அக்கா மலையிலிருந்து இறங்கிய நாளைத்தான் எழுதினேன், வேறு எது என்று எனக்குத் தெரியாமலா இருந்தது? அவள் போன் செய்தது, நான் சொன்ன பதில், அவள் சொன்ன 'சரிப்பா', வேன், கொடிக்கயிறு. வீடு சிறியது, பையனுக்குப் பரீட்சை, அதனால் அக்காவை என்னோடு அழைத்துவர முடியவில்லை, அதற்காக வருந்துகிறேன் என்று முடித்தேன். இந்தத் தடவை அனுப்பவில்லை. நேரில் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தேன்.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து படித்தாள். பெரிய எழுத்து, அதனால் அடிக்கடி விரலால் தள்ளினாள். முடித்ததும் மறுபடி மேலே போய் முதலிலிருந்து படித்தாள்.

"உங்க மாடில ரெண்டு ரூம் உண்டும்லா?" என்றாள்.

"ஆமா."

"ஒண்ணுல நீ வேலை செய்யுத. இன்னொண்ணுல?"

"பழைய கம்ப்யூட்டரு. புஸ்தகக் கட்டு."

"அது இதுல இல்லையே." போனை என் பக்கம் நீட்டினாள். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க. நீ பால் காய்ச்சுன அன்னைக்கு அந்த ரூமைப் பெருக்கினது யாருன்னு நெனச்ச? நாந்தாம்லே."

போனை வாங்கினேன். பரீட்சையையும் சின்ன வீட்டையும் அழித்தேன். 'மாடியில் இரண்டாவது அறை சும்மாதான் கிடந்தது. நான் அக்காவைக் கூப்பிடவில்லை' என்று தட்டினேன். சேமித்தேன். பொருளடக்கத்துக்குப் போய்ப் பார்த்தால் 'தம்பியும் நானும்' நிமிர்ந்திருந்தது. அக்காவின் போனுக்கும் அதையே ஏற்றி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.

"இப்ப ரெண்டுலயும் ஒண்ணுதான?"

"ஒண்ணுதான்க்கா."

இரண்டு போன்களையும் எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். "சரி. இப்ப வாயால சொல்லு. ஏன் கூப்பிடல?"

சொல்வதற்கு நல்லதாக ஒரு காரணமும் இல்லை. அவளை எனக்குப் பிடிக்கும். மனைவிக்கும் மறுப்பு இல்லை. அந்த அறையைக் காலி செய்ய அரை நாள் போதும். கட்டுகளைத் தூக்க வேண்டும், யாரிடமாவது சொல்ல வேண்டும், ஒரு ஆள் வந்தால் பேச வேண்டும், கேட்க வேண்டும் என்று அன்று நினைத்தேன். அவ்வளவுதான்.

"அலுப்பா இருந்துதுக்கா" என்றேன்.

அக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள்.

"அதைத்தாம்லே நானும் எழுதிருந்தேன்" என்றாள்.